செங்கால்பட்டினத்துக் கடல்

கைபேசியின் வரைபடத்தில் ரீனா கடலுக்குள் நின்றுகொண்டிருந்தாள். அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி கரைக்கோட்டைத் தாண்டி நீல நிறத்துக்குள் மினுங்கியது. காருக்கு முன்னாலோ இடுப்புயரத்துக்கு ஒரு பழைய கருங்கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் சேறு, சேறு, வேறொன்றும் இல்லை. சேற்றின் கடைசியில், வானம் தொடங்கும் இடத்தில், மையால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. கடலைக் காணவில்லை.

சத்தம் மட்டும் கேட்டது. அலை வந்து கரையில் விழுந்து, மணலை அரித்துக்கொண்டு பின்வாங்குகிற மாதிரி, ஒரே சீராக, ரொம்பப் பக்கத்தில்.

"நீ வழியத் தப்பாப் பார்த்துட்ட," என்றாள் சூசைமேரி.

ரீனா பல்லைக் கடித்துக்கொண்டு இன்ஜினை அணைத்தாள்.

சூசைமேரி ரீனாவின் கணவன் பெனோவுக்கு மூத்தவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தேவகோட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, பள்ளத்தூரில் தம்பி கட்டிய மாடி வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். பெனோ மஸ்கட்டில் இருந்தான். ஆகவே அந்த வீட்டில் இருந்தது ரீனாவும் மதினியும்தான். ரசத்துக்கு எவ்வளவு மிளகு தட்டிப் போடுவது, கொடியில் எந்தத் துணியை முதலில் காயப்போடுவது, வேகத்தடையில் காரை எந்த கியரில் ஏற்றுவது என்று எல்லாவற்றிலும் மதினிக்கு ஒரு தீர்மானம் உண்டு. மதினிக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, இந்தக் கண்ணால் கடலைப் பார்க்க வேண்டும் என்று தொடங்கினாள். எந்தக் கடலையோ அல்ல. ஏதோ ஒரு வீடியோவில் செங்கால்பட்டினத்தைப் பார்த்திருந்தாள்: ஒரு காலத்தில் குதிரைகள் வந்து இறங்கிய துறைமுகமாம், இடிந்த பண்டகசாலையாம், அலையாத்திக் காடாம், மாசி மாதத்தில் கூட்டம் கூட்டமாகப் பூநாரைகளாம். ரீனா ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு மேசையில் கிடந்தது. கிடைத்த ஒரே சனிக்கிழமை. மஸ்கட்டிலிருந்து பெனோவும் சேர்ந்துகொண்டு, அக்காவை ஒரு எட்டு கூட்டிக்கொண்டு போய்விட்டு வாயேன் என்று நச்சரித்ததால்தான் சம்மதித்தாள்.

விடிகாலையில் கிளம்புவதாகப் பேச்சு. தலைக்குக் குளித்து முடி காயவில்லை என்று மதினி உட்கார்ந்திருந்தாள். காரைக்குடி தாண்டிய பிறகு கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தை மறந்தது ஞாபகம் வந்தது, திரும்பினார்கள். தேவகோட்டையில் தன்னோடு வேலை பார்த்தவளை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் அங்கேயே சாப்பிட்டு முடிக்கும் வரை ரீனா வாசலில் காருக்குள் வெந்துகொண்டிருந்தாள். இப்போது வெயில் சாய்ந்துவிட்டது, கடலும் இல்லை, தப்பும் ரீனாவுடையதுதான்.

சுவரை ஒட்டி ஒரு டீக்கடை. அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்கு எப்படிப் போவது என்று ரீனா கேட்டாள்.

"இந்தா தெரியுதுல்ல," என்றார் அவர்.

"அது வெறும் சேறுங்க. தண்ணி எங்க இருக்கு?"

"அங்கதான் நிக்கிது. இன்னைக்கு நல்லா முன்னுக்கு வந்து நிக்கிது." அவர் அந்தக் கறுப்புக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "எந்த ஊருலருந்து வாரீக?"

பள்ளத்தூர் என்றாள் ரீனா. அவர் தலையை மெதுவாக ஆட்டினார். பிறகு முகத்தைச் சேற்றின் பக்கம் வைத்துக்கொண்டு, காது கேளாதவருக்குச் சொல்வது போலச் சத்தமாக, "பள்ளத்தூரு," என்றார்.

அரைக்கிறுக்கு என்று ரீனா நினைத்துக்கொண்டாள். வேறு யாரிடமாவது கேட்கலாம் என்று காரை ஊருக்குள் விட்டாள். பண்டகசாலை இருந்தது, கூரை போய், சுவர்களில் ஆலங்கன்று முளைத்து. வீடியோவில் பார்த்த வளைவு வாசல் இருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு மூன்று தெரு, ஓட்டு வீடும் காங்கிரீட் வீடும் கலந்து, எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. ஒரு வீட்டில் டிவி ஓடியது. இன்னொரு வீட்டில் மிக்ஸி ஜாடி திறந்தபடி இருக்க, அதன் விளிம்பில் ஈ மொய்த்தது. ஆளைத்தான் காணோம். ஹாரன் அடித்தாள். ஒரு நாய்கூட வரவில்லை.

"சனிக்கிழமை சந்தைக்குப் போயிருப்பாக," என்றாள் மதினி. "நீ பேசாம இங்குட்டுத் திருப்பு. காட்டு வழியாப் போனா கடல் வரும். வீடியோவுல அப்படித்தான் காட்டுனான்."

திருப்பினாள். பாதை உப்பளங்களுக்கு நடுவே போனது. பாத்திகளில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது, வாரி எடுக்க யாருமில்லை. உப்பளம் முடிந்ததும் அலையாத்தி மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. சேற்றிலிருந்து ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருந்த வேர்கள், பச்சைத் தண்ணீரில் அசையாமல் கிடந்த இலைகள், அழுகல் வாடை. மரங்கள் விலகிய ஒரு வெட்டவெளியில் பூநாரைகள் நின்றன. நூற்றுக்கணக்கில், இளஞ்சிவப்பாக, ஒற்றைக் காலில். மதினி சின்னப் பிள்ளை போலக் கையைத் தட்டிக்கொண்டாள். ரீனாவும் ஒரு கணம் எரிச்சலை மறந்து கண்ணாடியை இறக்கினாள்.

பறவைகள் ஒன்றுகூட மேயவில்லை. எல்லாம் கடல் இருக்க வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. கார் பக்கத்தில் வந்தும் ஒன்றும் பறக்கவில்லை. கழுத்துகள் மட்டும் விறைப்பாக, மேலே தூக்கியபடி.

இறக்கிய கண்ணாடி வழியாகச் சத்தம் உள்ளே வந்தது. சுவரோரத்தில் கேட்ட அதே சத்தம், அதே பக்கத்தில். கூடவே ஒரு வாடை. மீனோ பாசியோ உப்போ இல்லை. மழைநாளில் திருவிழாப் பூசைக்குக் கூட்டம் நெருக்கியடித்து நிற்கும்போது கோவிலுக்குள் வருமே, நனைந்த துணியும் தலைமுடியும் வேர்வையும் கலந்த வாடை, அது. காற்றோ சுத்தமாக இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை.

பாதை வளைந்து, இறங்கி, ஏறி, முடிந்தது. முன்னால் அதே கருங்கல் சுவர். பக்கத்தில் அதே டீக்கடை.

ரீனாவுக்கு அழுகை வரும் போலிருந்தது. கைபேசியைப் பார்த்தாள். புள்ளி நீலத்துக்குள், இப்போது இன்னும் கொஞ்சம் உள்ளே. திரும்பிப் போய்விடலாம் என்றாள். இவ்வளவு தூரம் வந்து காலை நனைக்காமல் போவதா என்றாள் மதினி. தண்ணி வற்றியிருக்கிறது, அவ்வளவுதான், நடந்தால் வந்துவிடும், எல்லாரும் நடந்துதானே போயிருக்கிறார்கள் என்று சுவரடியைக் காட்டினாள்.

அங்கே செருப்புகள் கிடந்தன. சுவரின் நீளத்துக்கும். ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, பூப்போட்ட சின்னப் பிள்ளைச் செருப்பு, பள்ளிக்கூடத்து ஷூ. சில புதிது. பெரும்பாலானவை வெயிலில் வெளுத்து வெடித்து, உள்ளே மண் நிறைந்து, புல் முளைத்துக் கிடந்தன.

இத்தனை செருப்புக்கும் ஆள் எங்கே என்று ரீனாவுக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மதினி தன் செருப்பையும் கழற்றி அந்த வரிசையில் ஒழுங்காக வைத்துவிட்டாள். அந்த ஒழுங்குதான் ரீனாவை வெடிக்க வைத்தது. காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் வந்தது.

"போங்க மதினி. உங்க இஷ்டத்துக்குப் போங்க. நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். பாத்து முடிச்சுட்டு வாங்க, இல்ல அங்கயே இருந்துக்கங்க."

மதினி சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரில் இடிந்திருந்த இடம் வழியாக இறங்கி நடந்தாள். ரீனா காருக்குள் ஏறி, கதவை அறைந்து, ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

மூடியிருந்தவள் மனதில் ஏனோ பெனோ சொன்னது வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை தொண்டிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். இந்தப் பக்கத்துக் கடல் கண்மாய் மாதிரி, ஆழமும் கிடையாது அலையும் கிடையாது, தொட்டித் தண்ணீர் போலச் சும்மா கிடக்கும் என்று சிரித்தான். உண்மைதான். அன்றைக்கு அவள் பார்த்த கடலில் ஒரு சத்தமும் இல்லை.

கண்ணைத் திறந்தாள்.

மதினியின் வான நீலச் சேலை தூரத்தில் ஒரு விரல் அளவுக்குத் தெரிந்தது. அதற்குள் இவ்வளவு தூரம் எப்படிப் போனாள்? ரீனா இறங்கி, சுவரில் ஏறி நின்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. டீக்கடையைப் பார்த்தாள். பெஞ்சில் ஆளில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பைத் தொட்டுச் சீறியது. பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு.

அவள் செருப்போடேயே சேற்றில் இறங்கி ஓடினாள்.

சேற்றில் கால் புதையவில்லை. மேலே ஈரமாக இருந்தாலும் அடியில் மிதித்து இறுகிய களம் போலக் கெட்டியாக இருந்தது. மிதித்தது யார் என்று கொஞ்ச தூரத்திலேயே தெரிந்தது. பாதச் சுவடுகள். ஜோடி ஜோடியாக, தோளோடு தோள் உரச நின்றவர்களுடையது போல நெருக்கமாக, வலப்பக்கமும் இடப்பக்கமும் முடிவில்லாமல் ஒரே வரிசை. விரல்கள் எல்லாம் ஊரைப் பார்த்திருந்தன. குதிகால்கள் கடலை.

ஒரு எட்டு தள்ளி அதே போல அடுத்த வரிசை. அதற்கடுத்து இன்னொன்று. கோடு போட்ட தாள் போல, இடைவெளி மாறாமல். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு சுவடும் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு எட்டு எடுத்து வைத்திருக்கிறார்கள். நின்றிருக்கிறார்கள், குதிகால் பதியும் அளவுக்கு நெடுநேரம். பிறகு அடுத்த எட்டு. சில இடங்களில் ஒரே சுவட்டின் மேல் இன்னொரு சுவடு லேசாக விலகிப் பதிந்திருந்தது. திரும்பிப் போகும்போதும் பின்பக்கமாகவே காலெடுத்து வைத்துப் போயிருக்கிறார்கள். முகத்தைத் திருப்பாமல்.

வருவதும் போவதும். கடல் போல.

ரீனா குனிந்து பார்ப்பதை நிறுத்தினாள். சுவடுகளை மிதிக்காமல் ஓட முடியவில்லை, மிதித்துக்கொண்டே ஓடினாள். மூச்சு வாங்கியது. வாடை கனத்தது. மதினி நின்றுவிட்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின.

"மதினி, வாங்க. நான் சொன்னது தப்புத்தான். வாங்க, போவோம்."

"எனக்குக் கண்ணு இப்ப நல்லாத் தெரியுதுடி ரீனா," என்றாள் மதினி. குரல் மெதுவாக, ரொம்ப நிம்மதியாக இருந்தது. "அது தண்ணி இல்ல."

ரீனா நிமிர்ந்தாள். கறுப்புக் கோடு. முன்பு பார்த்ததை விடத் தடிமனாக. அவள் கண்ணுக்கு அது கோடுதான். ஆனால் அதன் மேல்விளிம்பு நேராக இல்லை. மேடும் பள்ளமுமாக இருந்தது.

"ஆளுக," என்றாள் மதினி. "எல்லாரும் இங்குட்டுத்தான் பார்த்துக்கிட்டு நிக்கிறாக."

சத்தம். அலை விழுகிற சத்தம் இல்லை. உள்ளே இழுப்பது. பிறகு வெளியே விடுவது. எண்ண முடியாத நெஞ்சுகள் ஒன்றாக.

ரீனா மதினியின் கையைப் பிடித்து இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் வந்தாள் மதினி. எதற்கும் எதிர்ச்சொல் சொல்லாமல் ஒரு நாளும் இருந்திராதவள், இழுத்த இழுப்புக்கு வந்தாள். ரீனா திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால், ஒரே ஒரு தடவை, மொத்தச் சேறும் அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. எல்லாரும் ஒரு எட்டு வைத்தது போல.

காரை எப்படித் திருப்பினாள், எந்தப் பாதையில் வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கருவேலங்காடும் பனையும் ஓடின. மெயின் ரோட்டில் ஒரு மணல் லாரி வழிவிடாமல் முன்னால் போனபோது, அதன் புகையும் ஹாரனும் அவளுக்கு ஆறுதலாக இருந்தன. தேவகோட்டை வந்ததும் பஸ் நிலையத்துப் பக்கம் ஓரங்கட்டினாள். பூக்கடையில் பெண்கள் முழம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கண்டக்டர் யாருடனோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். நின்றபடி ஒரு காப்பி குடித்தாள்.  குடித்து முடித்ததும் வெட்கமாக இருந்தது. வெயில், பசி, கானல் நீர். புதுக் கண்ணில் வெளிச்சம் பட்டு மதினி எதையோ உளறியிருக்கிறாள், அதைக் கேட்டு ஒரு கணக்கு டீச்சர் செருப்போடு சேற்றில் ஓடியிருக்கிறாள்.

வெட்கம் திரும்ப எரிச்சலானது. எரிச்சல் பழகிய சட்டை போல வசதியாக இருந்தது. ஒரு நாள் வீண், கட்டுத் தாளும் அப்படியே கிடக்கிறது என்று வழி நெடுக மதினிக்குக் கேட்கும்படி முணுமுணுத்தாள். ஒரு பதிலாவது வராதா என்று பார்த்தாள். வேகத்தடையில் வேண்டுமென்றே வேகமாக ஏற்றி இறக்கினாள். மதினி வாயைத் திறக்கவில்லை. மடியில் கைவைத்து, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுடைய வெறுங்காலில் சாம்பல் நிறச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டாள்.

பள்ளத்தூர் வந்தபோது பொழுது சாய்ந்து வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. தெரு எப்போதும் போல இருந்தது. எதிர்வீட்டு நாச்சியார் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். போன காரியம் நல்லபடி முடிந்ததா டீச்சர் என்று கேட்டாள். ரீனா ஏதோ சொல்லிச் சிரித்துவைத்தாள். மதினி காலைக் கூடக் கழுவாமல் மாடிப்படி ஏறிப் போனாள். கொடியில் கிடக்கும் துணியை எடுக்கப் போகிறாள் போல. போகட்டும். ரீனா முகம் கழுவி, அடுப்பில் பாலை வைத்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு பெனோவைக் கூப்பிட்டாள்.

நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். அவன் பாதியிலேயே சிரித்தான். உங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனால்தான் ஆச்சரியம் என்றான். அவள் குரலை உயர்த்தினாள். நான் சொல்வதைக் கேளுங்கள், ஒரு தடவையாவது முழுசாகக் கேளுங்கள் என்றாள். அவனும் குரலை உயர்த்தினான்.

"ஒண்ணும் சரியாக் கேக்க மாட்டேங்குது ரீனா. அலைச் சத்தம் இரையுது. முதல்ல கரையிலருந்து தள்ளி வந்து பேசு."

"நான் வீட்டுல இருக்கேன்," என்றாள் அவள்.

"வீட்டுலயா? பின்ன அது என்ன சத்தம்?"

அவள் மின்விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. பால் லேசாகச் சலசலத்தது. அடுப்பையும் அணைத்தாள்.

உள்ளே இழுத்தது. வெளியே விட்டது.

கைபேசியில் பெனோ ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் அதை மேசையில், விடைத்தாள் கட்டின் மேல் வைத்துவிட்டு மாடிப்படியில் ஏறினாள். ஒவ்வொரு படியிலும் சத்தம் கூடியது. மொட்டைமாடிக் கதவு திறந்திருந்தது. துணிகள் கொடியில் அப்படியே கிடந்தன, அசையாமல். மதினி கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரீனா பக்கத்தில் போய் நின்றாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே பார்த்தாள்.

கடைசித் தெருவுக்கு அப்பால் அறுத்து முடித்த வயல்கள். வயல்களுக்கு அப்பால் கண்மாய்க்கரை, கரைமேல் பனைகள். பனைகளின் தூர் தெரியவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கரையை மறைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு கோடு. மேடும் பள்ளமுமாக. மேற்கிலிருந்து வந்த கடைசி வெளிச்சம் அதன் மேல் நேராக விழுந்தது.

தலைகள். தோள்கள். முகங்கள்.

இப்போது அவளுக்கும் நன்றாகத் தெரிந்தது. நனைந்து ஒட்டிய முடி. வேட்டி, சேலை, பள்ளிச் சீருடை, எந்தக் காலத்துத் துணியென்று சொல்ல முடியாத கந்தல். ஓரத்தில் டீக்கடைக்காரர். எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தன. இழுத்தன. எல்லா நெஞ்சும் ஒன்றாக உயர்ந்தன. விட்டன. ஒரு எட்டு. வயல் அதிர்ந்தது. மாடியின் தரை அதிர்ந்தது.

கீழே தெருவில் கதவுகள் திறந்தன. ஒவ்வொரு வீடாக. ஆட்கள் வெளியே வந்தார்கள். பேசிக்கொள்ளாமல், அவசரப்படாமல், வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, வயல் பக்கம் நடந்தார்கள். நாச்சியாரும் வந்தாள். குடம் குழாயடியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பிள்ளை இடுப்பில் இருந்தது.

"நாச்சியார், போகாதீக," என்று ரீனா கத்தினாள். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள போங்க."

நாச்சியார் நின்று அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் பயமே இல்லை. வழக்கம் போல லேசாகச் சிரித்தாள்.

"கடல் வந்துருக்கு டீச்சர். வாரீகளா?"

பதிலுக்கு நிற்காமல் நடந்தாள். ஒவ்வொரு எட்டாக வயலின் நடுவுக்கு வந்துவிட்ட அந்தக் கோட்டைத் தொட்டதும் ஆட்கள் அப்படியே திரும்பி நின்றார்கள். ஊரைப் பார்த்து. கோடு விலகியது, அவர்களை வாங்கிக்கொண்டது, மூடிக்கொண்டது. நாச்சியாரும் திரும்பினாள். பிள்ளையின் முகத்தையும் திருப்பினாள்.

ரீனா மதினியின் கையைப் பிடித்தாள். உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. மதினி வாயைத் திறந்து வைத்திருந்தாள். அவள் நெஞ்சு உயர்ந்தது. கோட்டோடு உயர்ந்தது. கோட்டோடு தாழ்ந்தது.

"மதினி."

உள்ளே. வெளியே.

"மதினி, எங்கிட்டப் பேசுங்க. என்னைத் திட்டுங்க. ஏதாச்சும் சொல்லுங்க."

உள்ளே. வெளியே. அப்போதுதான் ரீனாவுக்குத் தெரிந்தது. தன் நெஞ்சும். படி ஏறியபோதே தொடங்கியிருக்க வேண்டும். ஒரு துளி முன்னே பின்னே இல்லாமல், அவர்களோடு, அவர்கள் அளவுக்கு.

மூச்சை அடக்கினாள்.

சத்தம் நின்றது.

குழாயடியில் குடம் வழிவது கேட்டது. கீழே, மேசையில், பெனோவின் குரல் அவள் பெயரைச் சொல்வது கேட்டது. வேறு எதுவும் இல்லை. வயலின் அகலத்துக்கும் நெஞ்சுகள் பாதியில் நின்றன. வாய்கள் திறந்தபடி நின்றன. பிறகு முகங்கள், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, மெதுவாக, மேலே திரும்பின. மாடியைப் பார்த்து. பிள்ளையின் முகமும். பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், மதினியின் முகமும்.

நெஞ்சு எரிந்தது. கண் ஓரங்கள் இருண்டன. ரீனா உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவர்கள் அசையவில்லை. அவள் மூச்சு விடுவதற்காக எல்லாரும் பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.